மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை

அதிகாலை நான்கு மணி. தாமிரபரணிக் கரையில் உள்ள அந்தச் சிற்றூரின் சிவன் கோயில் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் வாடகைக் கார் ஒன்று நின்றது. நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையத்தில், மறுநாள் காலை நடைபெறவிருந்த சத்தியப் பிரமாண அணிவகுப்பைக் காண அந்தக் குடும்பம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏழு மாதங்களுக்கு மேலாகப் பயிற்சி பெற்று, படைவீரனாக உறுதிமொழி ஏற்கவிருந்தவன் அந்த வீட்டின் ஒரே மகன். வயது பத்தொன்பது.

குடும்பத் தலைவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். அழைப்புக் கடிதத்தையும் அனைவருடைய ஆதார் அட்டைகளையும் ஓர் உறையிலிட்டு, இரண்டு முறை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார். மகள் இட்லிப் பொட்டலங்களையும் கம்பளிகளையும் எடுத்து வைத்தாள். ஏறத்தாழ 450 கிலோமீட்டர் பயணம். எழுபத்தெட்டு வயதில் இது வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், முதல் ஆளாகக் காரில் ஏறி அமர்ந்தவர் ஆச்சிதான். பையனின் தாயைப் பெற்றவர் அவர்.

கடைசியாக வந்தவள் தாய். பூஜை அறையில் விளக்கை ஒருமுறை தூண்டிவிட்டு, திருச்செந்தூர் முருகன் படத்தின் பின்னாலிருந்து ஒரு சிறிய மஞ்சள் முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். காரில் இருந்தபடியே ஆச்சி பார்த்துவிட்டார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் சீருடை அணிந்த ஓர் இளைஞனின் படம் மாலையிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஆச்சியின் மகன், தாய்க்குத் தம்பி. அவனும் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவன்தான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் காஷ்மீர் எல்லையில் பணியில் இருந்தபோது உயிர் நீத்தான். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி அந்தத் தெருவுக்குள் வந்த நாளை ஊரில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மணமாகாதவன் ஆதலால் ஓய்வூதியம் பெற்றோருக்கு வந்தது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றை அளிக்க ஆச்சி வங்கிக்குச் செல்வார். மகன் போன பிறகும் தாய் உயிரோடு இருக்கிறாள் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்திட வேண்டும். இருபத்தைந்து முறை கையெழுத்திட்டிருக்கிறார்.

அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பேரன், பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேர்வேன் என்றான். தந்தை தமக்கே உரிய முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அக்னிபத் திட்டத்தின்படி பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் நான்கில் ஒரு பங்கினரே நிரந்தரப் பணியில் தொடர முடியும். "எஞ்சிய முக்கால் பங்கில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். "இருபத்து மூன்று வயதில் திரும்பி வந்து படிப்பேன் அப்பா. அந்த நான்கு ஆண்டுகளை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது" என்றான் மகன். தந்தை அதற்குமேல் பேசவில்லை.

தாய் அவனைத் தடுக்கவில்லை, அழவும் இல்லை. அவன் ஆள்சேர்ப்புக்கு விண்ணப்பித்த வாரத்தில் தனியே திருச்செந்தூர் சென்றாள். கடலில் நீராடி, நாழிக்கிணற்று நீரையும் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரம் உலர்வதற்குள் சந்நிதி முன் நின்றாள். பிள்ளை தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாய்மார்களுக்கு நடுவே, "என் பிள்ளை இதில் தேறக் கூடாது. தோற்று வீடு திரும்பினால் 501 ரூபாய் உன் உண்டியலில் செலுத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மஞ்சளில் நனைத்த துணியில் பணத்தை முடிந்து வைத்தாள்.

பையன் எழுத்துத் தேர்வில் தேறினான். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் வரிசையில் வந்தான். மருத்துவப் பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை. மூன்று முறையும் தெருவே மகிழ்ந்தது. மூன்று முறையும் அவள் முருகன் படத்தைப் பார்த்தாள். அன்று முதல் விளக்கேற்றுவதை அவள் நிறுத்தவில்லை. அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நிறைவேறாத வேண்டுதலின் காணிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல், அந்த முடிச்சு படத்தின் பின்னாலேயே கிடந்தது.

கோவில்பட்டியையும் சாத்தூரையும் இருளிலேயே கடந்த கார், மதுரையைச் சுற்றிச் செல்லும் சாலையில் வெளிச்சத்தைக் கண்டது. திண்டுக்கல்லும் ஒட்டன்சத்திரமும் தாண்டியபின், வலப்பக்கமும் இடப்பக்கமும் தோப்புகளுக்கு மேலே கண்கள் தேடத் தொடங்கின. பழநி மலை தெரிந்ததும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். எல்லோருடைய கைகளும் குவிந்தன. தாய் மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலை ஏற நேரமில்லை. அடிவாரத்தில் திருஆவினன்குடியிலாவது கும்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றார் தந்தை.

"நீங்கள் போய் வாருங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது" என்றாள் தாய். மலைப்பாதை இன்னும் தொடங்கவே இல்லை என்பதைத் தந்தை எடுத்துச் சொல்லவில்லை. மகளை அழைத்துக்கொண்டு இறங்கினார். ஆச்சி இறங்காமல் இருந்துவிட்டார்.

காருக்குள் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு ஆச்சி கேட்டார்: "இடுப்பில் என்ன முடிந்து வைத்திருக்கிறாய்?"

மறைக்க முடியாமல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று தெய்வத்திடம் கேட்டதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது. ஆச்சி கடிந்துகொள்ளவில்லை.

"யாரிடம் கேட்டாய்?"

"செந்தூரானிடம்."

"சூரனை வென்று நிற்கிறவனிடம் போய், என் பிள்ளையைப் போர்க்களத்துக்கு அனுப்பாதே என்று கேட்டாயா?" ஆச்சியின் முகத்தில் ஒரு சிறு சிரிப்புத் தோன்றி மறைந்தது. "நானும்தான் கேட்டேன். உன் தம்பி ரயில் ஏறிய அன்று, முழுதாகத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டேன். எனக்கும் தரவில்லை."

"பிறகு எப்படி அம்மா இத்தனை வருஷமாக அவனைக் கும்பிடுகிறாய்?"

இருபத்தைந்து ஆண்டுகளில் மகள் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வி அது. ஆச்சி மலையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒரு வருஷம் நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. மறு வருஷம் கந்த சஷ்டிக்கு உன் அப்பா என்னைச் சிக்கலுக்கு அழைத்துப் போனார். சூரசம்ஹாரத்துக்கு முதல் நாள் அங்கே சிங்காரவேலன் அம்மாவிடம் வேல் வாங்குவான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் வியர்வை அரும்பும்; அர்ச்சகர் பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார். கூட்டம் முழுவதும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் வேல்நெடுங்கண்ணி சந்நிதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொண்டவனுக்கே வியர்க்கிறதே, கொடுத்தவள் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். என் பிள்ளை ஏன் திரும்பவில்லை என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. துணை கிடைத்தது. அதற்காகத்தான் கும்பிடுகிறேன்."

தந்தை பஞ்சாமிர்தமும் திருநீறும் கொண்டு திரும்பி வந்தபோது, இருவரும் பேசாமல் அமர்ந்திருந்தனர். திருநீற்றுப் பொட்டலத்தை அவர் மனைவியின் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள், நெற்றியில் இடவில்லை.

உடுமலை, பொள்ளாச்சி, கோவை வழியாக மேட்டுப்பாளையத்தை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் கார் திரும்பத் திரும்ப, சமவெளி கீழே விலகிச் சென்றது. மரங்களுக்கு நடுவே பற்சக்கர ரயில் பாதை அவ்வப்போது தென்பட்டு மறைந்தது. 1899ஆம் ஆண்டிலேயே குன்னூர் வரை ரயில் ஏறிவிட்டதென்று தந்தை மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இந்தக் குளிரிலேயே நடுங்குகிறோமே, அவன் இருந்த இடத்தில் எப்படி இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். எந்த 'அவன்' என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றிலும் பெற்றோர்கள் நிறைந்திருந்தனர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று பல மாநிலத்தவர். வேட்டி கட்டியவர்களும், வாழ்வில் முதல்முறையாகக் குளிர் உடை அணிந்தவர்களும், கைக்குழந்தையோடு வந்த அக்காமார்களும் அங்கே இருந்தனர். 1758ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் ரெஜிமெண்ட், இந்தியத் தரைப்படையின் காலாட்படை ரெஜிமெண்டுகளில் மிகப் பழமையானது. அதன் வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பது நெடுநாள் வழக்கம். மைதான ஓரத்தில் சுபேதார் ஒருவர், "தம்பி, இங்கே வா!" என்று யாரையோ அழைத்தபோது, தாய் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல்லைக் கூவி அழைக்க அவளுக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக யாரும் இல்லை.

இசைக்குழு முழங்க, இளைஞர்கள் ஒரே உடலாக நடந்து வந்தனர். தந்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடியும் மகனைக் கண்டுபிடிக்க இயலவில்லை. ஒரே உயரம், ஒரே நடை, ஒரே முடிவெட்டு. தாய்தான் முதலில் அடையாளம் கண்டாள். இடத் தோள் சற்றே தாழ்ந்திருக்கும் அந்த நடை அவளுடைய தம்பியின் நடை.

பிறகு சத்தியப் பிரமாணம். ரெஜிமெண்டின் சமய ஆசிரியர்கள் தத்தம் மறைநூல்களோடு நின்றனர். இளைஞர்கள் அவரவர் சமயத்துக்குரிய நூலைச் சான்றாகக் கொண்டு உறுதிமொழி ஏற்றனர். நிலம், நீர், வானம் எவ்வழியாயினும் ஆணையிடப்படும் இடத்துக்குச் செல்வேன்; உயிருக்கு ஆபத்து நேரினும் கட்டளைக்குப் பணிவேன் என்பது அதன் கருத்து. சொற்கள் இந்தியில் ஒலித்தன. பக்கத்தில் அமர்ந்திருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் அதைத் தாழ்ந்த குரலில் ஆச்சிக்குத் தமிழில் சொன்னார். ஆச்சி தலையசைத்தார். அவருக்கு அது புதிதல்ல.

அந்த முதியவர் இன்னொன்றும் சொன்னார். மதராஸ் ரெஜிமெண்டின் குறிக்கோள் வாசகம் பகவத்கீதையிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்றாம் அத்தியாயத்தின் 35ஆம் சுலோகத்தில் வருவது. தனக்குரிய தர்மத்தில் நின்று உயிர் துறப்பதும் மேலானதே என்பது அதன் பொருள். பிறருக்குரிய தர்மத்தை மேற்கொள்வது அச்சம் தருவது என்று அந்தச் சுலோகம் முடிகிறது. ஊர்க் கோயில் மண்டபத்தில் நடக்கும் மார்கழி உபந்நியாசத்தில் தாய் அதைப் பலமுறை கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அது அர்ச்சுனனுக்குச் சொன்ன வார்த்தையாக மட்டுமே இருந்தது. இன்று கீதையின் முன் கைநீட்டி நின்றவன் அவள் பாலூட்டி வளர்த்த பிள்ளை. தன் அச்சத்தை அவனுடைய தர்மமாக்கிவிடும்படி அல்லவா செந்தூரானிடம் கேட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அச்சம் நீங்கிவிடவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்று ரெஜிமெண்டின் போர் முழக்கம் எழுந்தபோது மலையே அதிர்ந்தது. அதுவரை கலங்காதிருந்த ஆச்சியின் கண்கள் அப்போது நிறைந்துவிட்டன. விடுப்பில் வந்த மகன் தெருச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தில் அதே முழக்கத்தை எழுப்பியதை அவர் மறந்திருக்கவில்லை.

அணிவகுப்பு முடிந்து மகன் ஓடிவந்தான். பெற்றோரைப் பெருமைப்படுத்தும் பதக்கத்தைத் தந்தை கையில் ஏந்தி, எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். மகன் முதலில் ஆச்சியின் காலில் விழுந்தான். பிறகு தாயின் முன் வந்து நின்று, தலைக்கவசத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "வழியில் பழநியில் இறங்கினீர்களா அம்மா? திருநீறு இருக்கிறதா?"

அவள் பையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தாள். அவன் தலையைத் தாழ்த்திக் காட்டினான். திருநீற்றை எடுத்த அவள் விரல்கள் நடுங்கின. நெற்றியில் இட்டது கோணலாகி, புருவத்திலும் மூக்கிலும் சிதறியது. இரண்டாம் முறை எடுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. ஆச்சி பக்கத்தில் வந்து, மகளின் மணிக்கட்டைத் தம் கையால் தாங்கிக்கொண்டார். மூன்றாம் முறை திருநீறு நேராக நின்றது.

புறப்படுவதற்கு முன் போர் நினைவுச் சின்னத்தின் அருகே மகன் அவர்களை அழைத்துச் சென்றான். ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல் கைகூப்பி நின்றார். ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்த துளசியை அங்கே வைத்தார். "உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன்" என்று பேரனிடம் சொன்னார். என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. விறைப்பாக நின்று ஒரு வணக்கம் செலுத்தினான். சில நாட்களில் விடுப்பில் ஊருக்கு வருவதாகவும், பின்னர் தன் படைப்பிரிவில் சேர வேண்டும் என்றும் சொல்லி விடைபெற்றான்.

திரும்பும் வழியில் பொள்ளாச்சியைத் தாண்டியதும் தாய் தானாகவே சொன்னாள்: "பழநியில் நிறுத்தச் சொல்லுங்கள். மலைக்குப் போக வேண்டும்."

அந்தி சாய்ந்திருந்தது. ஆச்சியும் தந்தையும் இழுவை ரயிலில் ஏறினர். தாய் மகளோடு படிவழியாகவே ஏறினாள். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்த பிள்ளை நின்ற மலை அது. பின்னாலேயே பெற்றோர் தேடி வந்த மலை. அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் எத்தனையோ இடங்களில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பி இறங்கலாம் என்று மகள் சொன்னதற்கு மறுத்துவிட்டாள். சந்நிதியை அடைந்தபோது, சாயரட்சையில் சாத்திய ராஜ அலங்காரம் இன்னும் கலைந்திருக்கவில்லை. ஆண்டியாக நிற்பவன் அரசனாக நின்றான். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. நின்று பேச அவகாசமில்லை. இரண்டொரு கணம் அவள் பார்த்தாள், அவ்வளவுதான்.

வெளியே வந்து உண்டியல் முன் நின்று, இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். மடித்த நோட்டுகளும் ஒரு ரூபாய் நாணயமும் உள்ளே விழுந்தன. நடந்ததையெல்லாம் இழுவை ரயிலில் ஆச்சியிடமிருந்து கேட்டறிந்திருந்த கணவர், மெல்லிய குரலில் சொன்னார்: "நீ வேண்டிக்கொண்டது நடக்கவில்லையே. கணக்குப்படி இது நாம் செலுத்த வேண்டிய கடன் இல்லை."

"தெரியும்" என்றாள் அவள். "கடனாகச் செலுத்தவில்லை."

"இப்போது புதிதாக என்ன வேண்டிக்கொண்டாய்?"

"ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாயின் கையிலிருந்து வேல் வாங்கியவன்தானே அவன். நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டுமா?"

வேண்டியது கிடைத்தால் காணிக்கை செலுத்துவது பக்தர்களின் வழக்கம். வேண்டியது கிடைக்காதபோதும் கோயில் படியேறும் கால்களுக்கு உரமூட்டுவது எது என்பதை, வாழ்க்கையில் ஒருமுறையேனும் வெறுங்கையோடு திரும்பியவர்களே அறிவார்கள்.

கீழே காருக்கு வந்ததும், அவள் அந்த மஞ்சள் துணியை உதறி மடித்தாள். எஞ்சியிருந்த திருநீற்றை அதில் கொட்டி முடிந்துகொண்டாள். விடுப்பு முடிந்து மகன் படைப்பிரிவுக்குப் புறப்படும் நாளில் அவன் பெட்டியில் வைப்பதற்கு. பிறகு ஒரு சிட்டிகையைத் தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டு, ஆச்சியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கார் திண்டுக்கல் சாலையில் திரும்பியது.